பிள்ளைகள், வேலை, அப்பா: இனி கிராண்ட் ஆற்றை விட்டுவிடுவதா? (ஃப்ளை ஃபிஷிங்)

கிராண்ட்கரை எழுதியது:

வணக்கம் உறவுகளே. ஃப்ளை ஃபிஷிங் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சப் பேரிடம்தான் கேட்கிறேன், நேரமிருந்தால் பதில் எழுதுங்கள்.

2011இல் என்னோடு வேலை செய்த ஒருவர் என்னைக் கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஃபெர்கஸ் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை எனக்கு மீன்பிடி என்றால் ஊரில் அப்பா தங்கூசி நூலில் இறால் கோத்து எறிவதுதான். ஆற்றில் பார்த்தது வேறு வேலையாக இருந்தது. முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி, அதுதான் ஃப்ளை, அதற்குப் பாரமே கிடையாது, ஈயக்கட்டியும் இல்லை, தடித்த லைனின் பாரத்தை வைத்துத்தான் அதை மீன் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் முழுக்க மரக்கிளையில்தான் மாட்டியது. ஆனாலும் அடுத்த கிழமை திரும்பப் போனேன்.

அதன் பிறகு எட்டு வருடம் எனக்கு நாட்காட்டி அந்த ஆறுதான். ஏப்ரல் நாலாவது சனிக்கிழமை சீசன் திறக்கும். தண்ணீர் விறைக்கும், ஆற்றடிப் பூச்சிக்குஞ்சு மாதிரிக் கட்டிய நிம்ஃபைக் கல்லோடு கல்லாக உருட்டிக்கொண்டு நிற்போம். மே மாதம் ஹென்ட்ரிக்சன் என்ற பூச்சி ஆற்றடியில் இருந்து எழும்பிப் பறக்கும், அதைத்தான் ஹட்ச் என்பார்கள். ஜூன் பின்னேரங்களில் காடிஸ் பூச்சி. செப்டம்பர் 30 மூடிவிடும், பிறகு பனிக்காலம் முழுக்க நிலவறையில் ஃப்ளை கட்டுவது.

ஹென்ட்ரிக்சன் என்றதும் கண்ணுக்கு முன்னால் வருவது ஒரே ஒரு நாள். மதியம் இரண்டு மணி இருக்கும், தூறல். ஆறு வெறுமையாகக் கிடந்தது. திடீரென்று சாம்பல் நிறச் சிறகைப் பாய்மரம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக மிதந்து வரத் தொடங்கின. ஒன்று என் கைச்சட்டையில் வந்து இருந்தது, வாலில் மூன்று மயிர், உடம்பு மண்ணும் ரோசாவும் கலந்த நிறம். ஒரு வருடம் ஆற்றடியில் கிடந்துவிட்டு ஓரிரு நாள் மட்டும் பறக்கும் உயிர், அந்த நாளில் சாப்பிட வாய்கூட அதற்கு வேலை செய்யாது. எதிர்க்கரை வேலிக்குக் கீழே ஒரு பிரவுன் ட்ரவுட் மீன் அதே இடத்தில் மூக்கை நீட்டி நீட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தேனா இல்லையா என்பது நினைவில்லை, அந்த மூக்குத்தான் நினைவிருக்கிறது.

இப்போது நிலைமை வேறு. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. மனைவியின் வேலைக்காக ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜக்ஸுக்கு வீடு மாறினோம், அங்கிருந்து ஃபெர்கஸ் 401 நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லாவிட்டாலே ஒன்றரை மணி நேரம். என் ஷிப்ட் கிழமைக்குக் கிழமை மாறும். அம்மா போன பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார், நினைவு தப்பிக்கொண்டு வருகிறது, தனியே விட முடியாது. போன சீசனில் இரண்டே தரம் போனேன். இரண்டாம் தரம் ஹட்ச் நேரத்தில் போன் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு நாலு மணிக்கே திரும்பிவிட்டேன். மனைவி "போயிட்டு வாங்கோ" என்றுதான் சொல்வார், ஆனால் வந்து பார்க்கும்போது அவர் முகம் களைத்துப்போயிருக்கும்.

ஒன்பது அடி நீள, ஐந்தாம் கன அளவு (வெயிட்) ராட், ரீல், ஆற்றில் நிற்கப் போடும் நீர்புகாக் காற்சட்டையான வேடர்ஸ் எல்லாம் கராஜில் கிடக்கின்றன. வேடர்ஸ் இடது கால் ஒழுகவும் தொடங்கிவிட்டது. யாருக்காவது விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். குடும்பத்தோடு இதைக் கொண்டிழுத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

எலோராக்காரன் எழுதியது:

தம்பி, ராட்டை விற்காதீர்கள். கார்பன் ராட் இருபது வருடம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. கெடுவது வேடர்ஸும் லைனும்தான். வேடர்ஸை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துத் தோள்பட்டியால் தொங்கவிடுங்கள், மடித்த இடத்தில்தான் வெடிக்கும். லைனை இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சோப் போட்டுக் கழுவித் துடைத்து வையுங்கள்.

நான் 1990களில் இருந்து அந்த ஆற்றில் நிற்கிறேன். நடுவில் நாலு வருடம் ஒரு நாள்கூடப் போகவில்லை. மூத்தவன் பல்கலைக்கழகம், இரண்டு வேலை, வீட்டுக்கடன். அந்த நாலு வருடமும் இனி நமக்கு இது இல்லை என்றுதான் இருந்தேன். ஐந்தாம் வருடம் போனபோது ஷேண்ட் அணைக்குக் கீழே நான் நிற்கும் கல் அதே இடத்தில் கிடந்தது, ஆனால் ஆற்றின் ஓட்டம் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. மீன் நிற்கும் இடத்தைத் திரும்பத் தேட வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள், அந்த ஆற்றில் ட்ரவுட் பிழைக்கும் குளிர்ந்த தண்ணீரே பிறகு வந்ததுதான். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய அணை, 1942இல் முடித்தார்கள். அணைக்குப் பின்னால் உள்ள பெல்வுட் ஏரியின் அடித்தண்ணீரைத் திறந்துவிடுவதால் கோடையிலும் ஆறு குளிர்ந்து கிடக்கிறது. அதைக் கண்டு 1989இல்தான் பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை விடத் தொடங்கினார்கள். இன்று வெஸ்ட் மொன்ட்ரோஸ் மூடுபாலம் வரை ஆட்கள் நிற்கிறார்கள்.

என் அனுபவத்தில் சொல்வது இதுதான், முழு சீசனையும் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு ஹட்சைத் தெரிவு செய்யுங்கள். உங்களுக்கு அது ஹென்ட்ரிக்சன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மே முதல் பாதியில் இரண்டு நாளை இப்போதே வேலையிடத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தப் பூச்சி மதியத்துக்குப் பிறகுதான் எழும்பும், தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பாகையைத் தொட வேண்டும், ஆகவே விடிய எழும்பி ஓடத் தேவையில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் புறப்பட்டாலே நேரம் சரியாக இருக்கும்.

மிச்சக் காலத்துக்கு ஏஜக்ஸில் இருந்துகொண்டு ஃபெர்கஸை நினைத்து ஏங்காதீர்கள். ஜூன் மாதம் ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஆழமில்லாத இடமாகப் பாருங்கள், கெண்டை வாலை ஆட்டிக்கொண்டு சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். பத்து இறாத்தல், பதினைந்து இறாத்தல். பழுப்பு நிறத்தில் சின்ன நிம்ஃப் ஒன்றை அதன் மூக்குக்கு ஒரு அடி முன்னால் மெதுவாக வைக்க வேண்டும். ஐந்து வெயிட் காணாது, எட்டு வேண்டும். ட்ரவுட்டை விடக் கஷ்டம் என்பேன் நான், அது சத்தம் கேட்டாலே போய்விடும்.

இன்னொன்று. தனியே போகும்போது வேடர்ஸுக்கு மேலே இடுப்புப் பட்டி கட்டாமல் இறங்காதீர்கள். நான் ஏப்ரல் தண்ணீரில் ஒருமுறை சறுக்கி விழுந்து எழும்பினவன், பட்டி இருந்தபடியால் உள்ளே தண்ணீர் நிரம்பவில்லை. உங்களை நம்பி வீட்டில் நாலு பேர் இருக்கிறார்கள்.

இரவுப்பணி எழுதியது:

நான் குவெல்ஃபில் நர்ஸ். இரண்டு பிள்ளைகள், வீட்டுப்பொறுப்பு முழுக்க என்னுடையது. இந்த ஆற்றில் பெண்கள், அதுவும் நம் பெண்கள், மிகக் குறைவு, அதனால் பார்க்கிங்கில் நின்று வேடர்ஸ் போடும்போது எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

எனக்கு வாய்த்தது ட்ரைக்கோ ஹட்ச்தான். ஆகஸ்டில் நைட் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வெளியே வருவேன், எட்டேகாலுக்கு ஆற்றில் நிற்பேன். அந்தப் பூச்சி எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான், 22, 24ஆம் நம்பர் முள்ளில் கட்ட வேண்டும். வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேலே புகை மாதிரிச் சுழன்றுவிட்டு அப்படியே செத்து விழும். மீன்கள் அவசரப்படாமல் மூச்சுவிடுகிற மாதிரி எடுக்கும். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். நானும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். களைப்பாக இருந்தால் மட்டும் போக மாட்டேன், தூக்கக் கலக்கத்தில் ஆற்றில் இறங்கக்கூடாது.

தண்ணீர் வெப்பமானி ஒன்று சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். 20 பாகையைத் தொட்டுவிட்டால் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடுவதில்லை. சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, இழுபட்டுக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பல நேரம் அது தப்பாது. அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நாட்களும் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்களுக்கு ஆறு இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அப்படி ஒரு நாள் இருக்கிறதா? அப்பாவையும் சின்னவனையும் நீங்கள் வைத்துக்கொண்டு அவரை ஒரு சனிக்கிழமை முழுக்க வெளியே அனுப்பிப் பாருங்கள், மாதத்தில் ஒன்று, தவறாமல். பிறகு நீங்கள் போகும் நாளில் போனை எடுத்துப் பார்க்கும் பழக்கம் தானாகக் குறையும். அந்தப் பாரம் ஆற்றில் இருந்து வரவில்லை என்று நினைக்கிறேன்.

குன்னூர்வாசி எழுதியது:

நான் கனடா பக்கம் வந்ததில்லை. நீலகிரி. இங்கேயும் ட்ரவுட் உண்டு, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது, அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் வைத்தார்கள். இளவயதில் அனுமதி வாங்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். சென்னையில் வேலை கிடைத்தபோது ராடை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டேன். அவன் நன்றாக வீசுவான். எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை, ஓடையோரம் நடக்கும்போது மீன் எங்கே நிற்கும் என்று கண் தானாகப் போகிறது, அது போதுமாக இருக்கிறது. விற்கக்கூடாது என்று மேலே சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். கொடுப்பதாக இருந்தால் பயன்படுத்துகிற ஆளிடம் கொடுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

மறந்துவிட்டேன். அப்பாவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போவது பற்றியே பேசுகிறோம், கூட்டிக்கொண்டு போக முடியாதா? ஏஜக்ஸில் இருந்து போர்ட் ஹோப் பக்கம்தான். ஏப்ரலில் கனராஸ்கா ஆற்றில் கோர்பெட் அணைக்கட்டில் ரெயின்போ ட்ரவுட் ஏரியில் இருந்து முட்டையிட ஏறி வரும், துள்ளுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். அணைப் பக்கம் தூண்டில் போட விடமாட்டார்கள், பார்க்க மட்டும்தான். அத்தோடு ஒன்ராறியோவில் வசிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் மீன்பிடி உரிமம் தேவையில்லை, அப்பாவுக்கு அடையாள அட்டை இருந்தால் சரி.

கிராண்ட்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது, நடந்ததை எழுதலாம் என்று காத்திருந்தேன்.

இரவுப்பணி அக்கா சொன்னதைத்தான் முதலில் செய்தேன். மனைவி முதல் சனிக்கிழமை எங்கும் போகவில்லை, தங்கை வீட்டில் போய் மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டு வந்தார். இரண்டாம் மாதம்தான் சிநேகிதியோடு வெளியே போனார்.

ஏப்ரலில் எல்லோருமாகப் போர்ட் ஹோப் போனோம். மகன் ஒவ்வொரு துள்ளலுக்கும் கத்தினான். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மீன் நிற்குது, ஏன் ஒருத்தரும் வலை போடேல்லை?" என்று கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட கேள்வி அது.

அதனால் மே மாதம் எடுத்த இரண்டு நாளில் ஒன்றுக்கு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஃபெர்கஸுக்குப் போனேன். கரையில் மடக்குக் கதிரை, போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி. அன்றைக்கு ஹட்ச் பெரிதாக இல்லை, மேகமும் இல்லை. மகளுக்குக் கல்லைப் புரட்டி நிம்ஃப் காட்டினேன், ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று அவளே சட்டம் போட்டுவிட்டாள்.

நான் ஃப்ளை மாற்றும்போது குளிரில் விரல் மரத்து நூல் நழுவிக்கொண்டே இருந்தது. அப்பா கையை நீட்டினார். முள்ளில் குத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டுதான் கொடுத்தேன், ஏற்கெனவே அதன் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கியிருந்தேன், அந்த ஆற்றில் அப்படித்தான் வேண்டும். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நூலை முள்ளின் கண்ணில் விரலால் தடவிக் கோத்தார், ஐந்து சுற்று, நுனியைத் திரும்ப உள்ளே விட்டு, வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, மெதுவாக இறுக்கினார். முடி மாதிரி மெல்லிய நுனி நூல் (டிப்பெட்), அவருக்கு வயது 78, என்னைச் சில நாள் தம்பியின் பெயரால் கூப்பிடுகிறவர். முடிச்சை நகத்தால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார்.

பிறகு கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று தென்மேற்கில் இருந்துதான் அடித்தது. "சோளகம் தொடங்கிவிட்டதே?" என்றார். வடமராட்சியில் அவருக்கு வருடம் என்றால் சோளகமும் வாடையும்தான், வாடைக் காலத்தில் கடல் குமுறும், சோளகம் வந்தால் எங்கள் கடல் அடங்கித் தொழிலுக்கு இறங்கலாம். மே மாதம்தானே. "ஓம் அப்பா, தொடங்கிவிட்டது" என்றேன்.

அந்த முடிச்சில் ஒரு மீன் வந்தது. பன்னிரண்டு அங்குலம் இருக்கும், சிவப்புப் புள்ளிகள், புள்ளியைச் சுற்றி வெளிறிய நீல வளையம். மகள் அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிடித்து விட்டாள்.

ராட் விற்பனைக்கு இல்லை. வேடர்ஸின் இடது கால் தையல்தான் இன்னும் ஒழுகுகிறது, உள்ளே இருந்து பசை பூச வேண்டுமா வெளியே இருந்தா? எலோரா அண்ணை, தெரிந்தால் சொல்லுங்கள்.