மச்சான் தந்துவிட்டுப் போன பிஸ்டல்: அவசரமாக ஆலோசனை வேண்டும்

கிளிநொச்சித் தம்பி: வணக்கம். நாங்கள் வந்து மூன்று மாதம். போன வாரம் கீழ்வீட்டுக் கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். மனைவி இரவில் கண்மூடுவதில்லை. மச்சான் ஒரு மாத விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருக்கிறார். போகும்போது தன் பிஸ்டலைத் தந்து, "பாதுகாப்புக்கு இருக்கட்டும், வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்றார். உடுப்பு அலுமாரியின் மேல்தட்டில் துவாயால் சுற்றி வைத்திருக்கிறேன். இரவில் காரில் கொண்டுபோகலாமா? வீட்டில் எங்கே வைப்பது நல்லது?

ஸ்காபரோ மாங்குளத்தான்: தம்பி, கனடாவில் 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கியை விற்கவோ வாங்கவோ கைமாற்றவோ முடியாது. உடனே கொடுத்துவிடுங்கள். நான் வந்த புதிதில் ஓர் அறையில் ஏழு பேர். மைனஸ் இருபதில் பஸ்சுக்கு நின்று, விடியும்வரை உணவகத்தில் கோப்பை கழுவி, விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்தது. எங்கள் வீட்டையும் இரண்டு முறை உடைத்தார்கள். எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், குளிர்பெட்டியில் இருந்த ஆட்டிறைச்சியைக் கொண்டுபோனார்கள். துவக்கு வைத்துக்கொண்டா பிழைத்தோம்?

லண்டன் விசுவமடு: அவர் எந்த நாடு என்றே சொல்லவில்லை, அண்ணா அதற்குள் கனடாச் சட்டம் எடுத்துவிட்டார். இங்கே 1996இல் டன்பிளேன் பாடசாலையில் பிள்ளைகளைச் சுட்ட பிறகு, 1997இல் கைத்துப்பாக்கியையே ஏறக்குறைய முழுதாகத் தடைசெய்துவிட்டார்கள்.

டாலஸ்காரன்: மச்சான் பிஸ்டல் தந்தார் என்றால் அமெரிக்காதான், அதிலும் டெக்சாஸாக இருக்கும். யோசிக்க ஒன்றுமில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பியவர் கைத்துப்பாக்கி கொண்டுபோக இங்கே உரிமமே தேவையில்லை. கார் இருக்கைக்குக் கீழே போட்டுக்கொண்டு போங்கள். பொலிஸ் வரும்வரை கள்ளனோடு திருக்குறளா பேசுவது?

ஒட்டுசுட்டான் வாத்தியார்: நான் ஊரிலேயே இருப்பவன், உங்கள் சட்டம் தெரியாது. ஆனால் கால் பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு தெரியும். காட்டுப்பன்றிக்கு என்று வரம்போரம் கட்டிவிட்டுப் போவான், விடிய அவிழ்க்க மறந்துவிடுவான். விறகுக்குப் போன என் பெரியப்பாவின் கணுக்கால் அப்படித்தான் போயிற்று. துவக்குக்கு ஆள் தெரியாது, தம்பி.

ஸ்காபரோ மாங்குளத்தான்: வாத்தியார் சொல்வது சரி. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்துவிட்டு, இங்கே காசு கொடுத்து அதை வாங்குகிறோம்.

லண்டன் விசுவமடு: இந்த உறவினர்களைச் சொல்லுங்கள். ஒரு நேரச் சோற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள், தங்கள் சாமானைக் காக்க மட்டும் நாங்கள் வேண்டும். எங்களிடம் ஒருவர் இரண்டு நாய்களை விட்டுவிட்டுப் போனார்.

டாலஸ்காரன்: நாயாவது குரைக்கும்.

சான் அன்டோனியோ அக்கா: நாய்க்கதை போதும். நான் கிரீன் கார்ட் கிடைத்த பிறகு வகுப்புக்குப் போய் உரிமம் எடுத்தவள், பிஸ்டலும் வைத்திருக்கிறேன். தம்பி, நான்கு கேள்வி. எந்த மாநிலம்? என்ன விசா? வீட்டில் பிள்ளை உண்டா? அதில் ரவை (தோட்டா) இருக்கிறதா?

கிளிநொச்சித் தம்பி: ஹூஸ்டன், அக்கா. மனைவி மாணவர் விசாவில் படிக்கிறார், நான் அவரைச் சார்ந்த விசாவில் இருக்கிறேன். மகளுக்கு நான்கு வயது. ரவைக்கூட்டை நேற்றே கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இப்போது அது வெறுமைதானே?

சான் அன்டோனியோ அக்கா: இல்லை, அப்படி எண்ண முடியாது. ரவைக்கூட்டைக் கழற்றினாலும் குழலுக்குப் பின்னால் உள்ள அறையில் ஒரு ரவை நிற்கலாம். பல பிஸ்டல்களில் கூடு இல்லாவிட்டாலும் விசையை இழுத்தால் அந்த ஒன்று வெடிக்கும். இனி அதைத் தொடாதீர்கள். அலுமாரி நிற்கும் படுக்கையறையைப் பூட்டி, திறப்பை உங்களோடு வைத்திருங்கள். பிள்ளை இன்றைக்குக் கூடத்தில் படுக்கட்டும். மேல்தட்டு உயரம் என்பது உங்கள் கணக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கதிரை இழுக்கத் தெரியும்.

அதைவிடப் பெரியது விசா. மாணவர் விசா, அதைச் சார்ந்த விசா போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை உங்கள் மச்சானின் வாய்ச்சொல்லில் கிடைப்பவை அல்ல. 15 ஆண்டுவரை சிறை, பிறகு நாடுகடத்தல். உங்கள் விசா தெரிந்துகொண்டே தந்திருந்தால் அவருக்கும் அதே சிக்கல். டாலஸ்காரர் சொன்ன மாநிலச் சட்டம், வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்குத்தான். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி ரவை போட்ட துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சாஸிலேயே குற்றம்.

அதைக் காரில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்கும் போகாதீர்கள். முதலில் குடிவரவு வழக்கறிஞரோடு பேசுங்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் சட்ட உதவி இருந்தால் இன்றே கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், டெக்சாஸில் வசிக்கும், தகுதியும் பயிற்சியும் உள்ள ஒருவர் வந்து எடுத்துப் போகட்டும்.

டாலஸ்காரன்: விசாவை நான் யோசிக்கவில்லை. நான் சொன்னதை விட்டுவிடுங்கள், தம்பி. சரி அக்கா, நீங்கள் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

சான் அன்டோனியோ அக்கா: வீட்டில் தரையோடு ஆணி முறுக்கிய இரும்புப் பெட்டி, ரவை வேறு பெட்டியில். காரில் இருக்கை இரும்போடு வடம் கட்டிய சிறு பெட்டி. சும்மா இருக்கைக்குக் கீழே போடுவது கள்ளனுக்கே துவக்குக் கொடுப்பது. வெளியே கொண்டுபோனால் விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை, விரல் எப்போதும் விசையைச் சுற்றிய வளையத்துக்கு வெளியே. தபாலகத்துக்குள் கொண்டுபோக முடியாது, பாடசாலைக்குள்ளும் முடியாது. வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருவதால் 51 சதவீதம் என்று சிவப்பில் எழுதிய மதுச்சாலையும் அப்படித்தான். உண்மையைச் சொன்னால், பாதி நாள் இந்தக் கரைச்சலுக்காகவே வீட்டில் பூட்டிவிட்டுப் போகிறேன்.

கிளிநொச்சித் தம்பி: வழக்கறிஞரோடு பேசினேன். அவர் சொன்னபடி மச்சானின் கடை முகாமையாளர், இங்கத்தைய குடியுரிமைக்காரர், மாலையில் வந்தார். எங்கள் எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் ஒரு ரவையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து, "இது குழலுக்குப் பின்னால் உள்ள அறைக்குள் இருந்தது" என்றார். மகளின் பென்சில் முனை அளவுதான். மனைவி அவருக்குத் தேநீர் கொடுக்கவும் மறந்துபோனார். எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். ஆனால் கள்ளன் பயம் அப்படியே இருக்கிறது. வாடகை வீட்டில் கதவுக்கு மேலதிகப் பூட்டுப் போட விடுவார்களா?

சான் அன்டோனியோ அக்கா: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டெக்சாஸில் வெளிக்கதவுக்குத் திறப்பில்லாமல் உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாளும், யார் வந்தது என்று பார்க்கும் கண்ணாடித் துளையும், யன்னல்களுக்குக் கொக்கியும் வீட்டு உரிமையாளர் தன் செலவில் பொருத்த வேண்டும். பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக்கதவு இருந்தால் அதற்கு ஊசி செருகும் பூட்டும் உண்டு. எது இல்லை என்று பார்த்து, கீழ்வீட்டுத் திருட்டையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள்.

கிளிநொச்சித் தம்பி: துளை இருக்கிறது, யாரோ பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் இல்லை. இப்போதே எழுதுகிறேன், அக்கா.