புரட்டாசித் தோட்டம்: புதுப்பிப்பு

பாளையங்கோட்டை வீட்டில் வெண்டை காய்த்து ஓய்ந்த பாத்தியை ஐப்பசி மழைக்குள் எப்படித் தயார் செய்வது என்று கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

பழைய செடிகளைப் பிடுங்கியாச்சு. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுதான். அங்கே தக்காளி வைத்தால் அதையும் பிடிக்கும். அதனால் வேப்பம்புண்ணாக்கு போட்டு கேந்தி (செண்டுமல்லி) நட்டிருக்கிறேன். கேந்தி வேர் அந்தப் புழுவை அடக்கும்.

மற்ற பாத்திகளை ஒரு சாண் உயர்த்திவிட்டேன். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. தண்ணீர் தேங்கினால் கத்தரி, மிளகாய் நாற்று அழுகிச் சாயும். "முதல்ல தண்ணி போக வழி வெட்டுங்க அண்ணாச்சி" என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி. விதையில் கிலோவுக்கு 10 கிராம் கணக்கில் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) கலந்து தூவி, பனையோலை மூடியிருக்கிறேன். முளை தெரிந்ததும் ஓலையை எடுத்துவிட வேண்டும்.

அப்புறம், அவரைக்குப் பந்தல்கால் ஊன்றியாச்சு. நல்ல நாட்டுப் புடலை விதை கிடைத்தால் அதையும் ஏற்றிவிடுவேன்.