புதுப்பிப்பு: பழைய லேத்துகளில் சென்சார் மாட்டியாகிவிட்டது

எங்கள் கோவைப் பட்டறையின் பழைய சிஎன்சி லேத்துகளை (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின்களை) மாற்றாமலே உற்பத்திக் கணக்கை உடனுக்குடன் பார்க்க வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வழி இருக்கிறது.

ஈஆர்பி, அதாவது நிறுவனத்தின் எல்லாக் கணக்கையும் ஒன்றாக வைக்கும் மென்பொருள், வாங்குவதைத் தள்ளிவைத்தோம். லேத்தின் சுழலும் தண்டை (ஸ்பிண்டில்) ஓட்டும் டிரைவுக்குப் போகும் வயர் ஒன்றில் கவ்விக்கொள்ளும் கரண்ட் சென்சார் மாட்டினோம். வயரை வெட்ட வேண்டியதில்லை. கரண்ட் ஏறினால் மெஷின் வெட்டுகிறது, இறங்கினால் சும்மா நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதை சென்சார் சொல்லாது. அதை ஆபரேட்டர்தான் டேப்லெட்டில் அழுத்த வேண்டும். டூல் மாற்றம், செட்டிங் (அடுத்த வேலைக்கு மெஷினைத் தயார் செய்வது), மெட்டீரியல் வரவில்லை என்று பட்டன்களுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். முழு வேலையின் உயிரே இதில் இருக்கிறது என்பேன். தங்களை வேவு பார்க்கும் கருவி என்று நினைத்துவிட்டால் எந்த நிறுத்தத்துக்கும் ஒரே பட்டன்தான் விழும்.

ஓஇஇ (மெஷின் எவ்வளவு பயனுள்ளதாக ஓடுகிறது என்பதை ஓடிய நேரம், வேகம், தரம் மூன்றையும் பெருக்கிச் சொல்லும் அளவு) பற்றிக் கேட்ட நண்பருக்கு: மெஷின் ஓடிய நேரம் 90%, வேகம் 95%, தரம் 99% என்றாலும் பெருக்கினால் சுமார் 85%தான். எது குறைகிறது என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது. அதனால் போர்டில் மூன்றையும் தனித்தனியாகவே எழுதுகிறோம்.

எங்களிடம் அதிக நேரத்தைத் தின்றது பிரேக்டவுன் அல்ல, செட்டிங். இப்போது மெஷின் ஓடும்போதே அடுத்த வேலைக்கான டூல், பொருளைப் பிடிக்கும் ஜா, அளவு பார்க்கும் கேஜ் எல்லாம் டிராலியில் தயாராகிவிடுகின்றன. அடுத்து கம்ப்ரஸர் லைனில் காற்றுக் கசிவைப் பார்க்கப் போகிறோம்.