புதுப்பிப்பு: கெப் இப்ப இழுக்குது, எக்ஸோஸ்ட் பிரேக்கும் இருக்கு

டீசல் கெப் (பிக்கப்) ஏத்தத்தில இழுக்குதில்ல, கறுப்புப் புகை தள்ளுது, எக்ஸோஸ்ட் பிரேக்கையும் (புகைப் பைப்ப ஒரு தட்டால மூடி எஞ்சினாலயே வண்டிய அடக்கிறது) சைலன்சரையும் கழட்டி எறியவா எண்டு திருகோணமலையில இருந்து கேட்டிருந்தன் தானே, கனபேர் கழட்டச் சொன்னீங்க.

பைப்ப இறக்கிப் பாத்தா, புகை வேகத்தில சுத்தி எஞ்சினுக்குக் காத்துத் தள்ளுற டர்போவுக்குப் பின்னால இருக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் தட்டு பாதி மூடினபடியே இறுகிப்போய் நிக்குது, கரி, துரு, கடல்காத்து உப்பு வேற, சுவிச் ஓஃப் பண்ணினாலும் திறக்கல்ல, புகை போக வழியில்லாட்டி டர்போ எப்பிடி ஒழுங்காச் சுத்தும், இழுவை எங்க வரும். மெக்கானிக் பாஸ் தட்டின்ட ஷாஃப்ட கிளீன் பண்ணி, தட்ட இயக்கிற வெக்குவம் ஹோஸும் மாத்தினார், நசுங்கிக் கிடந்த பைப் துண்ட வெட்டி அதே அளவில புதுசு வெல்ட் பண்ணினார். இப்ப அருமையா இழுக்குது, புகையும் போயிட்டு.

எக்ஸோஸ்ட் பிரேக்க கழட்டல்ல, கழட்டவும் மாட்டன். பெற்றோல் எஞ்சின் மாதிரி டீசலுக்குக் காத்த அடைச்சுப் பிடிக்கிறதில்ல, அதால எக்சிலேட்டர்ல காலை எடுத்தாலும் வண்டி பெருசா அடங்காது. கண்டியில மரக்கறி ஏத்திக்கொண்டு மஹியங்கனைப் பக்கம் 18 வளைவு மலை ரோட்டால இறங்கக்குள்ள வெறும் கால் பிரேக்க மட்டும் நம்பினா சூடாகி பிடி விட்டிரும், உயிர் விசயம் அது.

சைலன்சர வெட்டச் சொன்ன தம்பிமாரே, அடைப்பு அதில இல்ல, வெட்டினா சத்தம்தான் கூடும், வருசா வருசம் புகைப் பரிசோதனையும் இருக்கு.

மழையில லோட் இல்லாம ரூ வீல்ல (பின் சில்லு ரெண்டு மட்டும் இழுக்க) போகக்குள்ள மட்டும் எக்ஸோஸ்ட் பிரேக் சுவிச்ச ஓஃப் பண்ணி வைங்க, பிடி பின் சில்லுக்குத்தான் போகும், வழுக்கும்.