ஐஎஃப்ஐடிஎம்3: தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான நோயெதிர்ப்பியல் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐஎஃப்ஐடிஎம்3 என்ற மரபணுவின் விரிந்த பெயரில் (‘இன்டர்ஃபெரான் இன்ட்யூஸ்டு டிரான்ஸ்மெம்பிரேன் புரோட்டீன் 3’) வந்து நின்றுவிட்டேன்.

11ஆம் குரோமோசோமின் குறுங்கை நுனியில் இருக்கும் இந்த மரபணு 133 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத்தை உருவாக்குகிறது. வைரஸ் தாக்கும்போது செல்கள் வெளிவிடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் கிடைத்ததும் செல் இதை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. இன்ஃப்ளுயென்சா வைரஸ் எண்டோசோம் எனும் பைக்குள் அடைபட்டுத்தான் செல்லுக்குள் வருகிறது. வைரசின் உறையும் பையின் சவ்வும் ஒன்றாகிச் சிறு துளை திறந்தால்தான் அதன் மரபுப்பொருள் வெளியேற முடியும். இந்தப் புரதம் சவ்வில் இருந்துகொண்டு சவ்வை விறைப்பாக்கி, துளை திறக்கவிடாமல் செய்கிறது.

“இன்டர்ஃபெரான் தூண்டு சவ்வுப் புரதம்” என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?
– மா.

> இன்டர்ஃபெரான் தூண்டு சவ்வுப் புரதம்

அம்மா, இலக்கணம் இடிக்கிறது. ‘தூண்டு’ இங்கே வினைத்தொகையாகிறது. ஊறுகாயில் ஊறுவது காய்தான். அதுபோலத் தூண்டுபுரதம் என்றால் தூண்டுவது புரதம் என்றாகிவிடும். இங்கே புரதம் தூண்டப்படுகிறது. ‘தூண்டுறு’ என்றாவது எழுதுங்கள்.

இன்டர்ஃபெரானை அப்படியே விடுவதற்கும் என் மனம் ஒப்பவில்லை. 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும், ஒரு வைரஸ் தாக்கிய செல்களில் இன்னொன்று வளரவிடாமல் குறுக்கிடும் பொருளைக் கண்டார்கள். குறுக்கிடுவதைக் குறிக்கும் ‘இன்டர்ஃபியர்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம்மிடம் ‘ஊடு’ இருக்கிறது. ஊடே புகுவது ஊடுதல். இருவருக்கு இடையே ஒன்று புகுந்து விலக்குவதால்தான் ஊடல் என்பது என் நெடுநாள் கருத்து. வள்ளுவர் நூலை ஊடலுவகையில் முடிக்கிறார், அது 133ஆம் அதிகாரம். புரதத்திலும் 133 அமினோ அமிலங்கள்! ‘ஊடியம்’ என்று துணிந்து வையுங்கள்.
– இ.

புலவர் ஐயாவுக்கு வணக்கம். கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்ட நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்துச்சீட்டில் இருந்த பெயர் அவர்கள் வாயிலும் அப்படியே வந்தது. ஊடியம் என்றால் சோடியத்துக்குத் தம்பி என்று நினைப்பார்கள். வழக்கில் ஊன்றிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

செயலைச் சொல்லும் பெயரே மாணவருக்கு உதவும். இந்தக் குடும்பத்துப் புரதங்கள் இன்ஃப்ளுயென்சா, மேற்கு நைல், டெங்கு வைரஸ்களைத் தடுப்பது 2009இல் தெரியவந்தது. இம்மரபணுவின் அரிதான ஒரு வடிவம், ஃபுளூ முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாக 2012இல் பிரிட்டனிலிருந்து ஆய்வு வந்தது. ஆகவே “வைரஸ் நுழைவுத் தடுப்புப் புரதம்”.
– செ. (மருத்துவர்)

டாக்டர், அந்தப் பெயரில் எனக்கு இரண்டு தடைகள். வைரஸ் பைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டது, தடைபடுவது இணைவு. இரண்டாவது தடைதான் பெரியது: இது குடும்பப் பெயர். ஐஎஃப்ஐடிஎம்5 எலும்பில் வேலை செய்கிறது. அதில் ஏற்படும் ஒரு திடீர்மாற்றத்தால், எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயின் ஐந்தாம் வகை வருகிறது. அதற்கும் வைரசுக்கும் என்ன உறவு? அதை இன்டர்ஃபெரான் தூண்டுவதும் இல்லை. மூலப் பெயரே அந்த இடத்தில் பொய்க்கிறது. ஆனால் அது உலகம் ஏற்ற வரலாற்றுப் பெயர். நாம் அதைத் திருத்தப் புகுந்தால், மாணவர் நாளை ஆய்விதழில் அடையாளம் காண முடியாமல் தவிப்பார்.

சவ்வில் இருப்பதைக் குறிக்க ‘சவ்வுறை புரதம்’ என்று சொல்லிப் பார்த்தேன். வைரசின் உறையோடு குழம்புகிறது. ‘சவ்வூடு புரதம்’ பொருந்தும்.
– வே.

சவ்வூடு என்றதும் சவ்வூடு பரவல் (ஆஸ்மோசிஸ்) நினைவுக்கு வராதா? பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைக்கு அதுதானே முதலில் தோன்றும்?
– மா.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது பிரசாரணம். ஆகவே அந்தக் குழப்பம் இங்கே இல்லை. ஆனால் செல் என்றால் கலம், மரபணு என்றால் பரம்பரையலகு, சவ்வு என்றால் மென்சவ்வு. பல்லாண்டுகளாகப் பாடநூலில் படிந்த சொற்கள் இவை. ஒரே மொழியில் உயிரியல் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாசிக்க முடியாத நிலை எனக்கு மெய்யாகவே வேதனை தருகிறது. “மென்சவ்வூடு புரதம்” என்று போட்டால் இரு கரையிலும் விளங்கும்.
– த.

சவ்வு என்றே இருந்தால் போதும், தங்கையே. மெல்லியதாக இருப்பதால்தானே அது சவ்வு? ‘மென்’ மிகை. சவ்வரிசியில் உள்ள சவ்வும் வெந்ததும் கண்ணாடிபோல் ஆவதைக் குறிப்பதே என்பேன்.
– இ.

ஐயா, சவ்வரிசி சாவகத்து அரிசி அல்லவா? சாவகம் என்பது ஜாவா. அதை வேறு இழையில் பேசலாமே.
– வே.

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. பெரும்பாலோர் ஏற்றபடி “இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் சவ்வூடு புரதம் 3” என்று முதல் இடத்தில் எழுதுகிறேன். பிறகு எங்கும் ஐஎஃப்ஐடிஎம்3 மட்டும். மரபணுவைச் சாய்வெழுத்தில் காட்டும் வழக்கம் தமிழ் எழுத்துருவில் எடுபடவில்லை. ஆகவே ‘ஐஎஃப்ஐடிஎம்3 மரபணு’, ‘ஐஎஃப்ஐடிஎம்3 புரதம்’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதிவிடுகிறேன். புலவர் ஐயாவின் வினைத்தொகைத் திருத்தத்தால்தான் ‘தூண்டப்படும்’ வந்தது. மென்சவ்வைச் சொல்லடைவில் சேர்க்கிறேன்.
– மா.

சொல்லடைவில் சேர்த்தால் போதாது, அம்மா. பிள்ளைகள் சொல்லடைவைப் புரட்டுவதில்லை. முதல் இடத்திலேயே ‘சவ்வு அல்லது மென்சவ்வு’ என்று ஒரு வரி போடுங்கள். இரண்டு சொல்லுக்குத் தாளில் இடம் இருக்கும்.
– த.

ஊடியத்தை நான் கைவிடவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.
– இ.