பச்சையாகக் கடித்தால் மட்டும் அரிப்பு: முப்பதைத் தாண்டி வரும் பழ, காய்கறி ஒவ்வாமை – நேரில் பார்த்தவை (பலர் எழுதியது; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நுனிஊசி

ஒரு அம்மாவுக்கு ஒவ்வாமை டெஸ்ட். முன்கையில் பேனாவால் எண் எழுதி, சொட்டு வைத்து, ஊசியால் கீறுவார்களே, அதுதான். ஆப்பிள் சொட்டு விழுந்த இடத்தில் 15 நிமிஷம் கழித்தும் ஒன்றும் எழும்பவில்லை. "ஆப்பிள் உங்களுக்கு ஒத்துக்குதும்மா, மனசுல இருக்கற பயம்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வயது வரை தினம் ஓர் ஆப்பிள் தின்றவர் அவர். இப்போது இரண்டாவது கடியிலேயே அண்ணமும் காதின் உள்பக்கமும் அரிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்த முறை கைப்பையில் ஓர் ஆப்பிளோடு வந்தார். ஊசியை முதலில் அந்த ஆப்பிளில், தோலைத் தாண்டிச் சதைக்குள் இறங்கும்படி குத்தி, ஈரம் காயும் முன் அவர் கையில் குத்தினார்கள். பத்தாவது நிமிஷமே வெள்ளைத் தடிப்பு. பதினைந்தில் ஸ்கேல் வைத்தால் 8 மி.மீ. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லல" என்றார்.

பாட்டிலில் வரும் ஆப்பிள் கரைசல் ஏன் ஏமாற்றுகிறது என்றால், வாயை அரிக்க வைக்கும் புரதம் (மால் டி 1) அவ்வளவு நோஞ்சான். ஆப்பிளை அரைத்ததும் பழுப்பாகிறதே, அந்த வினையிலேயே பாதி செத்துவிடும். அதனால் டெஸ்டுக்குப் போகிறவர்கள் அரித்த அதே ரகப் பழத்தை, வெட்டாமல், தோலோடு கொண்டுபோங்கள். ஒவ்வாமை மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் சொட்டு வைத்த இடமே எழும்பாது, டெஸ்ட் வீண். ஒப்பிடுவதற்காக வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ. கூடுதலாகத் தடித்தால் பாசிட்டிவ். அந்தத் தடிப்பு மட்டும் நோய் ஆகிவிடாது, சாப்பிட்டால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வாணலி

பெரிய சமையல்கூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த பையன். கேரட் சீவ உட்கார வைத்தால் கால் மணி நேரத்தில் விரலிடுக்கெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர், அடுக்கடுக்காகத் தும்மல். பச்சை உருளைக்கிழங்குத் தோல் சீவினாலும் அதே கதை. மேஸ்திரி "வேலைக்கு டிமிக்கி" என்று முடிவே கட்டிவிட்டார். ஏனென்றால் அதே கேரட் போட்ட சூப்பை அந்தப் பையன் மத்தியானம் இரண்டு கிண்ணம் குடிக்கிறான், ஒன்றும் ஆவதில்லை!

நடிப்பு கிடையாது அது. கேரட்டில் உள்ள புரதம் கொதித்தால் உருக்குலைந்துவிடும், உடம்புக்கு அடையாளம் தெரியாது. ஆனால் "வேகவைத்தது" என்றால் கத்தி நடுவரை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். மேலே வதங்கி உள்ளே நறுக்கென்று இருக்கும் பதம் போதாது, நடுத்தண்டில் புரதம் அப்படியே இருக்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, குளிர் அதை உடைக்காது. சீவும் வேலைக்கு நைட்ரைல் கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர். பையனை அடுப்புப் பக்கம் மாற்றினார்கள், தீர்ந்தது.

செலரியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெந்த செலரி, ஏன், காய்ந்த செலரித்தூளே சிலருக்கு வேலையைக் காட்டும். சூப் பொடி, மசாலாக் கலவை வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். ஐரோப்பாவில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் ஒன்று.

மண்வாசம்

எல்லாரும் புரதம் புரதம்னு பேசறீங்க. பழத்து மேல மெழுகு, மருந்து. அத விட்டுட்டு பழத்தையே குத்தம் சொன்னா எப்படி? தெரிஞ்சவங்க ஒருத்தங்க உப்புத்தண்ணில அரை மணி ஊறவச்சு சாப்பிட்டாங்க, அரிப்பு குறைஞ்சுதுன்னாங்க.

மகரந்தக்காலம்

மண்வாசம் சார், குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். அவர் எந்த மாதம் சாப்பிட்டார் என்று கேளுங்கள். பிர்ச் மரம் பூக்கும் வாரங்களில் வாய் எரிந்தவருக்கு மூன்று மாதம் கழித்து அதே பழம் பாதி அரிப்புதான் தரலாம். உப்புத்தண்ணீருக்குப் பேர் கிடைத்துவிடும்.

பழ அரிப்பும் மகரந்தக் காய்ச்சலும் (மகரந்தத்தால் வரும் தும்மல், மூக்கொழுகல்) ஒட்டிப் பிறந்தவை. உடம்பு முதலில் பகையாக்கிக்கொள்வது மூக்கில் ஏறும் மகரந்தத்தை. அதற்கே சில பருவங்கள் ஆகும். பழத்திலும் அதே சாயலில் ஒரு புரதம் இருப்பதால் அடி அதன் மேலும் விழுகிறது. இத்தனை வருஷம் தின்ற பழம் திடீரென்று பகையாவது இதனால்தான். பிர்ச் என்றால் ஆப்பிள், பீச், செர்ரி, பேரி, கிவி, கேரட், செலரி, ஹேசல்நட். ராக்வீட் என்ற களைச்செடி என்றால் முலாம்பழம், தர்பூசணி, வாழைப்பழம், வெள்ளரி. புல் மகரந்தம் என்றால் தக்காளி, முலாம்பழம். பட்டியலில் உள்ள எல்லாமே ஒருவருக்கு ஆகாது என்று அர்த்தம் இல்லை. ஒத்துக்கொள்வதை நிறுத்தாதீர்கள்.

மருந்துதான் காரணம் என்பதற்கு வருகிறேன். பச்சைப் பழம் தின்று வாய் அரிப்பதை 1942-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைய பூச்சிமருந்துகள் பெரும்பாலானவை அப்போது கிடையாது. வாய்வழி ஒவ்வாமை என்ற பெயர்தான் 1987-ல் வந்தது.

மண்வாசம்

1942-ல ஆப்பிள் தோட்டத்துல ஈய ஆர்சனேட் அடிச்சாங்க. அதுவும் மருந்துதான்.

மகரந்தக்காலம்

அடித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈயமும் ஆர்சனிக்கும் கொதித்தால் காணாமல் போகுமா? அதே ஆப்பிளை வேகவைத்தால் அரிப்பு போய்விடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? யாரும் கைபடாத, மருந்தே காணாத மரத்துப் பழமும் இவர்களை அரிக்கும். கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வாமைக்கு அது மருந்து ஆகாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, அன்னாசி தின்று நாக்கு எரிவதை இதில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள புரோமலைன் என்ற நொதி யார் நாக்கையும் கடிக்கும். நிறையத் தின்றால் எல்லாருக்கும் எரியும். அந்த ஒருவருக்கு மட்டும், ஒரு துண்டிலேயே, உதடு தடித்தால் அது வேறு விஷயம்.

சத்துக்கணக்கு

வாய் அரிப்போடு நின்றுவிடும் என்று மேலே பேசுவதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கேஸ்தான் கண்முன் நிற்கிறது. பிர்ச் மகரந்தக் காய்ச்சல் உள்ளவர், முப்பத்தைந்து வயது. ஆப்பிளுக்கு லேசாக அரிக்கும், அவ்வளவே. எடை குறைக்க வேண்டும் என்று காலை வெறும் வயிற்றில் சோயா புரதப் பொடியைக் கலக்கி ஒரே மூச்சில் அரை லிட்டர். டம்ளரைக் கீழே வைத்தவர் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார், குரல் வேறு யாருடையதோ போல வந்திருக்கிறது. அந்தம்மா அடுத்த அறையிலிருந்து "யாரு?" என்று கேட்டாராம். கண்ணிமை வீங்கி, மூச்சு இழுத்து, ஆம்புலன்ஸ்.

ஆப்பிளில் உள்ளதற்குச் சொந்தக்காரப் புரதம் சோயாவிலும் உண்டு (கிளை எம் 4). சாதாரணமாக வாயைத் தாண்டியதும் இரைப்பை அமிலமும் பெப்சினும் அதை நொறுக்கிவிடும். நிறைய, வேகமாக, நீராகாரமாக, வெறும் வயிற்றில் இறக்கினால் நொறுக்க நேரம் இல்லை. இவரோ நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். அமிலம் குறைந்தால் காவல்காரன் தூங்கின மாதிரி. சோயாவுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்து மறுபடி குழப்பம். கிளை எம் 4-ஐத் தனியாகக் கேட்டு எடுத்த பிறகுதான் பிடிபட்டது. புளிக்கவைத்த சோயா சாஸ் இவர்களில் பலருக்குத் தொல்லை தருவதில்லை.

பச்சைக் கேரட், செலரி, ஆப்பிள் எல்லாம் போட்டு அடிக்கும் ஜூஸுக்கும் இதே எச்சரிக்கை. ஒரு துண்டு கடித்தால் வாய் அரித்து நிறுத்திவிடுவோம். அரை லிட்டர் குடிக்கும்போது நிறுத்தத் தோன்றுவதற்குள் முடிந்துவிடும்.

கொட்டைநீக்கி

வாணலி சொன்ன "வேகவைத்தால் சரி" எல்லாருக்கும் பொருந்தாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். பீச் பழம், தோலோடு. சாப்பிட்டு அரை மணியில் ஓடப் போன ஒருவர், மூன்றாவது கிலோமீட்டரில் உள்ளங்கை அரிக்க நின்றார். ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்தால் விரல் மடங்கவில்லை, அப்படி வீக்கம். வயிறு முழுக்கத் தடிப்பு. இதே பழத்தை முந்தின நாள் சோபாவில் உட்கார்ந்து தின்றபோது ஒன்றுமே இல்லை.

இது எல்.டி.பி. என்று சொல்லும் வேறு புரதம். மத்தியதரைக்கடல் நாடுகளில் அதிகம் பேசப்படுவது. கொதித்தாலும் அழியாது, இரைப்பையிலும் கரையாது. பீச்சில் தோலில்தான் குவிந்திருக்கும். வாய் அரிக்காமல் நேரே உடம்பில் இறங்கலாம். சிலருக்குத் தனியாக வந்தால் சும்மா இருக்கும். ஓட்டம், மது, இபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை இதில் ஏதாவது கூடச் சேர்ந்தால் கிளம்பும். அதனால் பழத்துக்கும் ஓட்டத்துக்கும் 4 மணி நேர இடைவெளி. டைரியில் "பீச் – அரிப்பு" என்று மட்டும் எழுதினால் டாக்டருக்கு உதவாது. எத்தனை மணி, தோலோடா, பச்சையா, வெந்ததா, என்ன மாத்திரை, என்ன வேலை, எத்தனை நிமிஷத்தில் தொடங்கியது, எப்போது அடங்கியது, இவ்வளவும் எழுத வேண்டும். வாயோடு நிற்கும் வகை சில நிமிஷத்தில் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். மற்றதற்கு அப்படிக் கணக்கு கிடையாது.

வெள்ளை அங்கி

வாழைப்பழம், அவகாடோ, கிவி, செஸ்ட்நட் நான்கும் ஒருவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பழத்தை விடுங்கள், கையுறையைக் கேளுங்கள். ரப்பர்ப் பால் (லேடெக்ஸ்) ஒவ்வாமையாக இருக்கலாம். பலூன் ஊதினால் உதடு தடிக்கிறதா என்று கேட்டாலே பாதி விடை. பவுடர் போட்ட கையுறை இன்னும் மோசம், பவுடர் புரதத்தைக் காற்றில் தூக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவில் 2017-ல் அந்த வகை மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தார்கள். அறுவை சிகிச்சைக்கோ பல் டாக்டரிடமோ போகும் முன் இதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

மருந்துச்சீட்டு

ஒரு பெரியவர் தக்காளியை ஆறு மாதம் ஒதுக்கிவைத்திருந்தார். நாக்கு பாதி பக்கம் மட்டும் வீங்கும், அரிப்பே கிடையாது, தடிப்பும் கிடையாது, அடங்க ஒரு நாள் ஆகும். தக்காளியை நிறுத்தியும் மூன்றாம் தடவை வந்தது. மருந்துச் சீட்டை நீட்டச் சொன்னால் எனலாப்ரில், ரத்த அழுத்தத்துக்கு, நாலு வருஷமாக. லிசினோப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதே குடும்பம். வருஷக்கணக்கில் எடுத்த பிறகும் திடீரென்று இப்படி வீங்க வைக்கும். டாக்டர் வேறு வகைக்கு மாற்றினார். தக்காளி பாவம்.

நுனிஊசி

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மேலே சத்துக்கணக்கு எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வாய் மட்டும் அரித்தால்: துப்பு, கொப்பளி, நிறுத்து. "நிஜமாவே அதுதானா" என்று இன்னொரு கடி கடித்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. குரல் மாறினால், விழுங்க முடியாவிட்டால், மூச்சு இழுத்தால், தலை சுற்றினால், அரிப்போடு வாந்தியும் சேர்ந்தால் ஒவ்வாமை மாத்திரையைத் தேடி நேரம் கழிக்காதீர்கள். அது அரிப்புக்குத்தான், தொண்டையைத் திறக்காது. அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில், பேன்ட் மேலேயே குத்தலாம். பெரியவர்களுக்கான பேனா ஊசி பெரும்பாலும் 0.3 மி.கி. எத்தனை விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது ஊசிக்கு ஊசி மாறும். வாங்கிய அன்றே அட்டையைப் படித்து, பயிற்சிப் பேனாவில் குத்திப் பழகுங்கள்.

குத்தியதும் படுக்க வையுங்கள், காலை உயர்த்தி. மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். "சரியாயிட்டேன்" என்று எழுந்து நடக்க விடாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்தவரைத் திடீரென்று நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் நின்றுபோகும். அந்த நிமிஷத்தில் போனவர்கள் உண்டு. 5 நிமிஷத்தில் தேறவில்லையா, இரண்டாவது ஊசி. அதனால்தான் இரண்டு வைத்திருக்கச் சொல்வது. தேறினாலும் ஆஸ்பத்திரி போக வேண்டும், சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம்.

வாய் அரிப்பு மட்டும் உள்ள எல்லாருக்கும் ஊசி எழுதுவதில்லை. ஒரு தடவையாவது வாயைத் தாண்டியவர்கள், எல்.டி.பி. வகை, கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மண்வாசம்

சரி. வேகவச்ச ஆப்பிள் எனக்குப் பிடிக்காது. பச்சையா தின்ன வழியே கிடையாதா?

வாணலி

வாய் அரிப்போடு நிற்கும் ஆள்களுக்கு மட்டும் சொல்கிறேன், டாக்டர் சரி என்ற பிறகு. ரகத்தைப் பொறுத்து நிறைய வித்தியாசம் உண்டு. கோல்டன் டெலிஷியஸ், கிரானி ஸ்மித் இரண்டும் கெட்ட பேர் வாங்கினவை, சாந்தானா என்ற ரகம் சாது. மரத்திலிருந்து பறித்த புதுப் பழத்தைவிடக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது கூடுதலாக அரிக்கலாம், சேமிப்பில் அந்தப் புரதம் ஏறும். இல்லையென்றால் துண்டு போட்டு மைக்ரோவேவில் நடுத்துண்டும் ஆவி பறக்கும் வரை வைத்து எடுத்து, குளிரவைத்துத் தின்னலாம். குழைய விடாமல் எடுத்தால் கொஞ்சம் கடிபடும். பச்சை ஆப்பிள் மாதிரி நறுக்கென்று இருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.