கத்திப்பாரா சிலுவைப் படம்: கண் ஏமாறுவது எதனால்?

நிழல்வேட்டை:
கரித்துண்டு நேற்று இங்கே போட்ட ஃபோட்டோ ஒட்டுவேலைப் படத்தைப் பார்த்தீர்களா? சென்னை கத்திப்பாரா மேம்பாலம், மழை விட்ட நேரம், ஊர்ப்பெயர் எழுதிய பச்சைப் பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் ஒருவன் அறையப்பட்டுத் தொங்குகிறான், கீழே பைக்கும் பஸ்ஸும் அதுபாட்டுக்குப் போகின்றன, ஒருத்தர்கூட நிமிரவில்லை. சிலுவை என்றாலே மேகத்தைக் கிழித்து ஒளிக்கற்றை விட்டு ஒப்பேற்றுவோம், நானும் செய்திருக்கிறேன். இதில் அந்த ஜோடனை எதுவும் இல்லை, ஆனால் வயிற்றைப் பிசைகிறது. கை கொடு தம்பி! ஒட்டுவேலை என்று தெரிந்தும் கண் நம்புகிறதே, எதனால்? வெளிச்சமா?

மூணாவது லேயர்:
வெளிச்சம் பாதிக் காரணம். சோடியம் விளக்கு மஞ்சளில் சிவப்பு எடுக்காது, பழுப்பாகச் செத்துவிடும். ரத்தத்தைக் கிட்டத்தட்டக் கறுப்பாகவே விட்டிருக்கிறார், நம்மில் பலர் ஆசையை அடக்க முடியாமல் அந்த இடத்தில்தான் மாட்டுவோம். இரவில் எடுத்த படத்தில் விழும் புள்ளிப்புள்ளி, ஒட்டிய உடம்பிலும் அதே அளவுக்கு இருக்கிறது. ஒரு குறை உண்டு. ஈரத் தாரில் விளக்கெல்லாம் பிரதிபலிக்கிறது, அவன் மட்டும் இல்லை.

மலையடிவாரம்:
நான் பரங்கிமலை, தினமும் அந்தப் பாலத்தில்தான் வேலைக்குப் போகிறேன். இயேசுவின் சீடர் தோமையார் கொல்லப்பட்டதாகச் சொல்லும் மலை பக்கத்திலேயே. மேலே கோயிலில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து வெட்டிய கற்சிலுவை இருக்கிறது, 1558இல் அதில் ரத்தம் வேர்த்ததாகச் சொல்வார்கள். படத்தில் அந்தப் பச்சைப் பலகையில் மூன்று மொழி இருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இயேசுவின் தலைக்கு மேல் வைத்த பலகையும் எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என்று மூன்றில் எழுதியதுதான், யோவான் 19:20. தெரிந்தே செய்தீர்களா? அம்மாவிடம் காட்டினேன், "சாமியை ரோட்டுல தொங்கவிட்டுட்டானே" என்று முகம் சுளித்தார். அப்புறம் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ரோடு:
ரோட்டில்தானே தொங்கவிட்டார்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். ரோமில் ஸ்பார்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகள் கலகம் அடங்கியதும், கி.மு. 71இல், கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியன் சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். போகிறவன் வருகிறவன் பார்த்து நடுங்க வேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடே. இந்தப் படத்தில் ஒருத்தனும் நடுங்கவில்லை, என்னை உறுத்துவது அதுதான்.

கரித்துண்டு:
நன்றி அண்ணே. அக்கா, உண்மையைச் சொல்கிறேன், அந்த வசனம் எனக்குத் தெரியாது, பலகை பெரிதாக இருக்கிறதே என்று வேறொரு இடத்தில் எடுத்து வைத்தேன். உடம்பு நான்தான். தரையில் நின்று கையை விரித்தால் தோள் காட்டிக்கொடுத்துவிடுகிறது, பாரம் இறங்குவதில்லை. ஓவியர் டாலி தன் 1951 சிலுவை ஓவியத்துக்கு ரஸ்ஸல் சாண்டர்ஸ் என்ற ஹாலிவுட் ஸ்டண்ட்காரரைத் தொங்கவிட்டுப் பார்த்தார் என்று படித்திருந்தேன், சரி என்று மொட்டைமாடிக் கம்பியில் டைமர் வைத்துப் பதினான்கு தடவை தொங்கினேன். மறுநாள் சட்டை மாட்டவே கை வரவில்லை. பிரதிபலிப்பு மறந்தே போச்சு. அதே உடம்பைத் தலைகீழாகத் திருப்பி மங்கலாக்கினால் போதுமா?

மூணாவது லேயர்:
போதாது. ஈரத்தரை அவனைக் கீழேயிருந்து பார்க்கிறது, மோவாயின் அடிப்பக்கமும் உள்ளங்காலும் தெரியணும். கேமராவைத் தரையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை தொங்குங்கள்.